தடிப்பும் மெலிவும்: கான்ட்ராஸ்ட் மிகுந்த சான்ஸ் செரிஃப் எழுத்துருவைத் தலைப்புக்குப் பயன்படுத்துவது எப்படி?

வாசனைத் திரவியப் பெட்டியிலும் ஃபேஷன் இதழின் அட்டையிலும் கலைக் கண்காட்சியின் சுவரொட்டியிலும் ஒரு வகை ஆங்கில எழுத்தை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். கோடுகளின் முனையில் செரிஃப் எனப்படும் சிறு குறுக்குக் கோடுகள் அதில் இருக்காது; அதனால் அது சான்ஸ் செரிஃப், அதாவது செரிஃப் இல்லாத எழுத்து. ஆனால் ஒரே எழுத்துக்குள் ஒரு கோடு தடித்து நிற்க, பக்கத்துக் கோடு இழையாக மெலிந்து ஓடும். இந்தத் தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் எழுத்துருத் துறையில் கான்ட்ராஸ்ட் என்கிறார்கள். புதிதாக வடிவமைப்புக்கு வருபவர்கள் திரையில் தெரியும் நளினத்தில் மயங்கி இத்தகைய எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அச்சாகி வந்த பிறகு கையைப் பிசைவது வழக்கம், நானும் பிசைந்திருக்கிறேன். தலைப்பெழுத்தாக, அதாவது டிஸ்ப்ளே எழுத்தாக, இதை எப்படித் தேர்வது, எப்படி அமைப்பது, எப்படிச் சோதிப்பது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். கண்ணில் முதலில் படுவது தடித்த தண்டுதான் என்றாலும், அளவு, தாள், நிறம், இடைவெளி ஆகிய அனைத்தையும் தீர்மானிப்பது அந்த எழுத்துருவின் மிக மெலிந்த இழை என்பதை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

முதற்படி: எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது?

தட்டையான முனை கொண்ட பேனாவை ஒரே சாய்வில் பிடித்து எழுதினால், கீழ்நோக்கி இழுக்கும் கோடு தடிப்பாகவும் குறுக்கே போகும் கோடு மெலிவாகவும் விழும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளின் தடிப்பும் மெலிவும் இந்தப் பழக்கத்தை ஒட்டி அமைந்தவை. ‘ஏ’ எழுத்தில் இடக்கால் மெலிந்தது, வலக்கால் தடித்தது. ‘வி’ எழுத்தில் இது தலைகீழ். ‘ஓ’வின் இரு பக்கங்களும் தடித்து, உச்சியும் அடியும் மெலியும். ‘என்’ எழுத்தில் நிமிர்ந்து நிற்கும் இரு கோடுகளும் மெலிந்தவை, குறுக்கே சாயும் கோடுதான் தடித்தது. புதியவர்கள் பெரும்பாலும் இதை மாற்றி நினைப்பார்கள். ‘இஸட்’ எழுத்திலும் படுக்கைக் கோடுகள் மெலிந்து சாய்வுக் கோடு தடிக்கும். ‘எம்’ எழுத்தின் நான்கு கோடுகளும் மெலிவு, தடிப்பு, மெலிவு, தடிப்பு என்று மாறி மாறி வரும்.

இந்த வரிசையை ஒருமுறை கையால் வரைந்து பார்த்துவிட்டால், நல்ல எழுத்துருவையும் அவசரத்தில் செய்ததையும் பிரித்தறிவது எளிதாகிவிடும். சாதாரண சான்ஸ் செரிஃப் ஒன்றை எடுத்து நிமிர்ந்த கோடுகளை மட்டும் தடிக்கவைத்து ‘நளின எழுத்துரு’ என்று வெளியிடுபவர்களும் உண்டு. ‘என்’, ‘எம்’, ‘இஸட்’ ஆகிய மூன்றையும் பார்த்தாலே அந்தக் குட்டு வெளிப்பட்டுவிடும். மரபை வேண்டுமென்றே மீறிய நல்ல எழுத்துருக்களும் இருக்கின்றன. மீறியவர் எல்லா எழுத்திலும் ஒரே ஒழுங்கோடு மீறியிருக்கிறாரா என்பதுதான் அங்கே கேள்வி.

இரண்டாம் படி: மூத்த எழுத்துருக்களோடு அறிமுகம்

வரலாறு தெரிந்தால்தான் தலைப்பு அமைக்க முடியும் என்பதில்லை. ஆனாலும், மூத்த எழுத்துருக்கள் சிலவற்றை அருகில் வைத்துப் பார்ப்பது உங்கள் கண்ணைத் தீட்டும். அச்செழுத்தாக வார்க்கப்பட்ட முதல் சான்ஸ் செரிஃப், நான்காம் வில்லியம் காஸ்லனின் வார்ப்பகம் 1816இல் வெளியிட்டது. அதில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன, கோடுகளும் ஏறக்குறைய ஒரே தடிப்பில் ஓடின. அதற்குப் பின் வந்த சான்ஸ் செரிஃப்கள் பெரும்பாலும் அதே வழியில் சென்றதால், செரிஃப் இல்லை என்றால் கான்ட்ராஸ்டும் இல்லை என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. அதை மறுத்தவற்றுள் ஒன்று ஜெர்மனியின் யாக்கோப் எர்பார் 1909இல் வடிவமைத்த ஃபெடர் குரோட்டெஸ்க். ‘ஃபெடர்’ என்றால் பேனா, ‘குரோட்டெஸ்க்’ என்பது ஜெர்மானியர் சான்ஸ் செரிஃபுக்கு வைத்த பெயர். இதைத் தழுவிய ஃபெடெரோ என்ற எழுத்துரு இன்று இலவசமாகவே கிடைக்கிறது. அமெரிக்காவில் மோரிஸ் ஃபுல்லர் பெண்டன் 1920களின் இறுதியில் உருவாக்கிய பிராட்வே, தடிப்பையும் மெலிவையும் நாடக மேடை அளவுக்குப் பெரிதாக்கியது. பாரிஸில் கசாண்ட்ர் 1937இல் செய்த பெய்ன்யோ, சிறிய எழுத்துகளின் இடத்தில் பெரும்பாலும் பெரிய எழுத்துகளின் சிறு வடிவங்களையே வைத்தது. அதனால் இன்றும் அது பார்த்தவுடன் காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இவற்றுள் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது ஆப்டிமாவுக்கு. ஜெர்மானிய எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் சாஃப் 1950இல் ஃபுளோரன்ஸின் சாந்தா குரோச்சே தேவாலயத் தரையில் பதித்திருந்த கல்லறைப் பலகைகளின் எழுத்தைக் கண்டார். வேறு தாள் கையில் இல்லாததால் 1,000 லீரா நோட்டு ஒன்றின் மீதே அதை வரைந்துகொண்டார். அதிலிருந்து வளர்ந்த ஆப்டிமா 1958இல் வெளிவந்தது. அதன் தண்டுகள் நடுவில் மிக இலேசாக ஒடுங்கி, முனையை நெருங்கும்போது விரியும்; செரிஃப் இல்லை, ஆனால் செரிஃபின் நினைவு மட்டும் இருக்கிறது. வாஷிங்டனில் 1982இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவரின் கருங்கல்லில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இந்த எழுத்தில்தான் பொறிக்கப்பட்டுள்ளன. அதன் கான்ட்ராஸ்ட் மிதமானது; அதனால்தான் சிறிய அளவிலும் கல்லிலும் அது தாக்குப்பிடிக்கிறது. நாம் இங்கே பேசும் எழுத்துருக்களில் மெல்லிழை இதைவிட மிகவும் மெலிந்திருக்கும் என்பதால், ஆப்டிமாவை நம்பிச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் அவற்றை நம்பிச் செய்ய முடியாது.

மூன்றாம் படி: மெல்லிழையை அளந்துவிடுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இதுதான். நான் அதிகமாக வற்புறுத்துவதும் இதையே. வரைகலை மென்பொருளில் ‘என்’ எழுத்தை 1,000 பாயின்ட் அளவில் இட்டு, அதை அவுட்லைனாக (உரையாக இல்லாமல் வெறும் வடிவமாக) மாற்றி, மிக மெலிந்த இடத்தின் அகலத்தைப் பாயின்ட் கணக்கில் அளந்துகொள்ளுங்கள். அளவு 1,000 பாயின்ட் என்பதால், கிடைக்கும் எண்ணே எழுத்தளவில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதைச் சொல்லிவிடும். தடித்த கோட்டையும் இப்படியே அளந்து, தண்டு 120, இழை 20 என்று வந்தால் கான்ட்ராஸ்ட் ஆறுக்கு ஒன்று. இந்த ஓர் எண் கையில் இருந்தால் பாதி வாதங்கள் அடங்கிவிடும்.

இழை 20 என்றே வைத்துக்கொள்வோம். 72 பாயின்ட் தலைப்பில் அந்த இழையின் தடிமன் 1.44 பாயின்ட், கவலையே இல்லை. 24 பாயின்டில் 0.48, நல்ல வழவழப்பான தாளில் ஒப்பேறிவிடும். 12 பாயின்டில் 0.24. அச்சில் பாதுகாப்பான மிக மெலிந்த கோடு என்று பொதுவாகச் சொல்லப்படுவது 0.25 பாயின்ட் என்பதால், அந்த அளவில் இந்த எழுத்துருவைப் பயன்படுத்துவது சூதாட்டம். திரைக்கும் இதே கணக்குதான்: 48 பிக்சல் அளவில் இழை 0.96 பிக்சல், அதாவது சற்றேறக்குறைய ஒரு பிக்சல். அதற்குக் கீழே போனால் முழுப் பிக்சலை நிரப்ப முடியாமல் இழை சாம்பல் நிறமாக மங்கும். அடர்த்தி மிகுந்த கைபேசித் திரையில் ஒரு பிக்சலின் அகலத்துக்குள் இரண்டு மூன்று நுண்பிக்சல்கள் இருப்பதால் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கலாம். உங்கள் படைப்பை எல்லோரும் அத்தகைய திரையில்தான் பார்ப்பார்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

ஒரு நூலின் அட்டைக்காக நான் இப்படி ஓர் எழுத்துருவில் நூலாசிரியர் பெயரை வைத்தேன். பெரிய தலைப்பில் அது பிரமாதமாக இருந்ததால், அதே எழுத்துருவைக் கீழே 14 பாயின்டிலும், அதுவும் கருஞ்சிவப்புப் பின்னணியில் வெள்ளையாகவும் இட்டேன். அளந்து பார்க்கவில்லை. சொரசொரப்பான தாளில் அச்சாகி வந்தபோது, சுற்றியிருந்த மை பரவி மெல்லிழைகளை விழுங்கிவிட்டிருந்தது. ‘ஹெச்’ எழுத்தின் நடுக்கோடு மறைந்து தொடர்பற்ற இரு தூண்கள் நின்றன. ‘என்’ எழுத்தில் நிமிர்ந்த கோடுகள் இரண்டும் போய் ஒரு சாய்கோடு மட்டும் மிஞ்சியது. பெயரை யாராலும் படிக்க முடியவில்லை. அச்சகத்தின் மீது தவறே இல்லை. அவர்கள் கொடுத்ததைக் கொடுத்தபடி அச்சிட்டிருந்தார்கள்.

நான்காம் படி: சரியான வெட்டைத் தேர்ந்தெடுத்தல்

ஈய அச்செழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் எழுத்தைத் தனித்தனியாக வெட்டினார்கள். சிறிய அளவுக்கு இழையைச் சற்றுத் தடிக்கவைத்து இடைவெளியை அகட்டுவதும், பெரிய அளவுக்கு இழையை மெலியவைத்து நெருக்குவதும் அந்தக் கைத்தொழிலுக்குள் தானாகவே அடங்கியிருந்தன. கணினியில் ஒரே வரைவை எல்லா அளவுக்கும் நீட்டிச் சுருக்குவதால் அந்த நுணுக்கம் போய்விட்டது. அதை ஈடுகட்டத்தான் சில எழுத்துருக் குடும்பங்களில் டிஸ்ப்ளே, டெக்ஸ்ட் என்று தனித்தனி வெட்டுகள் கிடைக்கின்றன. 2016இல் ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்புத் தரத்தில் சேர்ந்த வேரியபிள் எழுத்துருக்களில், அதாவது ஒரே கோப்புக்குள் வடிவம் மாறக்கூடிய எழுத்துருக்களில், ஆப்டிகல் சைஸ் என்ற வசதி இருந்தால், அளவுக்கேற்ப இழை தானாகவே தடிக்கும். இணையப் பக்கத்தில் உலாவியே இதைப் பார்த்துக்கொள்ளும். பெயரில் டிஸ்ப்ளே என்றிருந்தால் அதைப் பத்தி எழுத்தாக வைக்காதீர்கள்.

எடையை, அதாவது எழுத்தின் ஒட்டுமொத்தத் தடிப்பை, தேர்வதில் ஒரு பொறி இருக்கிறது. நளினம் என்றவுடன் கை தானாக லைட் எடையை நோக்கிப் போகும். ஆனால் இந்த வகையில் லைட்டிலும் போல்டிலும் மெல்லிழை பெரும்பாலும் ஒரே அளவில்தான் இருக்கும். தண்டு மட்டுமே தடிக்கும். ஆகவே போல்டை எடுத்தால் இழை காப்பாற்றப்பட்டுவிடும் என்று நினைப்பதும் தவறு, லைட்தான் நாசூக்கானது என்று நினைப்பதும் தவறு. லைட்டில் தண்டுக்கும் இழைக்கும் இடையே வேறுபாடு குறைவதால் இந்த எழுத்துருவின் சுவையே போய்விடும். ரெகுலர் அல்லது மீடியம் எடையில் தொடங்கிப் பாருங்கள் என்பதே என் பரிந்துரை.

தேர்வுக்கு அகரவரிசையையோ விற்பனைப் பக்கத்தில் உள்ள மாதிரி வாக்கியத்தையோ நம்பாமல், உங்கள் உண்மையான தலைப்பையே இட்டுப் பாருங்கள். ‘எஸ்’ எழுத்தின் நடு வளைவு, ‘ஆர்’ எழுத்தின் கால், ‘ஜி’ எழுத்தின் வாய் ஆகியவை நீங்கள் நினைத்தபடி இருக்கின்றனவா, தலைப்பில் எண் வந்தால் எண்களும் அதே கையால் வரையப்பட்டவைபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல இலவச எழுத்துருக்கள் எழுத்தில் தேர்ந்து, எண்ணில் தோற்கின்றன.

உரிமத்தையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. விலை கொடுத்து வாங்கும் எழுத்துருவில் கணினிக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று, செயலிக்கு ஒன்று என உரிமங்கள் பொதுவாகத் தனித்தனியாக இருக்கும். எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வெளியானவற்றை வணிகப் பணிக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியே விற்க அனுமதி இல்லை.

ஐந்தாம் படி: இடைவெளி

இங்கே பொறுமை வேண்டும். தடித்த தண்டுகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அந்த இடம் கருத்துத் தெரியும்; இரண்டு மெல்லிழைகள் பக்கத்தில் வந்தால் அங்கே ஓட்டை விழுந்ததுபோல் தெரியும். இடைவெளி ஒன்றாகவே இருந்தாலும் கண்ணுக்கு அப்படித் தெரியாது. அதனால்தான் ஒரே தடிப்பில் ஓடும் சான்ஸ் செரிஃபைவிட இதற்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

முதலில் டிராக்கிங், அதாவது எல்லா எழுத்துகளுக்கும் இடையிலான இடைவெளியை ஒரே சீராகக் கூட்டுவது அல்லது குறைப்பது. தலைப்பு முழுவதும் பெரிய எழுத்துகளாக இருந்தால் ஆயிரத்தில் 20 முதல் 60 வரை கூட்டிப் பார்க்கலாம். இணையத்தில் இதுவே 0.02 முதல் 0.06 எம் (இங்கே எம் என்பது எழுத்தளவுக்குச் சமமான ஓர் அலகு). சிறிய எழுத்துகள் கலந்த தலைப்பில் எதையும் கூட்டாதீர்கள். 100 பாயின்டுக்கு மேல் போனால் சற்றுக் குறைக்கவும் நேரும். பெரிய எழுத்துகளை ஆயிரத்தில் 200, 300 என்று அகட்டி வைப்பது ஒரு நாகரிகமாகப் பரவியிருக்கிறது. ஐந்தாறு எழுத்துள்ள ஒற்றைச் சொல்லுக்கு அது எடுக்கும். இரண்டு சொல் வந்துவிட்டால் சொல் எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போய்விடும்.

பிறகு கெர்னிங், அதாவது குறிப்பிட்ட இரு எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியைத் திருத்துவது. ‘ஏ’வும் ‘வி’யும், ‘எல்’லும் ‘டி’யும் (T), ‘டி’யும் (T) ‘ஓ’வும் அடுத்தடுத்து வருமிடங்களை முதலில் பாருங்கள். முழுச் சொல்லையும் ஒரே பார்வையில் திருத்த முயலாமல், மூன்று மூன்று எழுத்தாக மறைத்துப் பார்த்து, நடு எழுத்து இரு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள். அதன்பின் தாளைத் தலைகீழாகத் திருப்பிவையுங்கள். சொல்லாகப் படிக்க முடியாமல் போனவுடன் கறுப்புத் திட்டும் வெள்ளை ஓட்டையும் துலக்கமாகக் கண்ணில் படும். நான் இப்போதும் ஒவ்வொரு தலைப்பையும் ஒருமுறை கவிழ்த்துத்தான் பார்க்கிறேன்.

ஆறாம் படி: நிறமும் பின்னணியும்

வெள்ளை எழுத்தைக் கறுப்பின் மீது வைக்கும்போது திரையும் அச்சும் எதிரெதிராக நடந்துகொள்கின்றன. திரையில் ஒளி கசிவதால் வெள்ளை இழை உண்மையைவிடத் தடித்துத் தெரியும். தாளில் மை பரவுவதால் அதே இழை உண்மையைவிட மெலியும். திரையைப் பார்த்து முடிவெடுத்துவிட்டு அச்சுக்கு அனுப்புபவர் ஏமாறுவது இதனால்தான். வெள்ளை எழுத்தாக அச்சிடும்போது இழை 0.5 பாயின்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னணி நான்கு மைகளின் கலவையாக இருந்தால் இன்னும் கூட்டுங்கள். மைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக அமராமல் தலைமுடி அளவு விலகினாலும் இழைக்குள் வேறு நிறம் எட்டிப் பார்க்கும். எழுத்தையே பல மைகளின் கலவையில் வைத்தாலும் இதே ஆபத்து உண்டு. மெல்லிழைக்கு ஒற்றை மை உத்தமம்.

ஒளிப்படத்தின் மீது வைப்பதானால் அமைதியான பகுதியைத் தேடுங்கள்: வானம், சுவர், மங்கலான பின்புலம். இலைகளின் மீதோ கூட்டத்தின் மீதோ இழை கரைந்துபோகும். அதைக் காப்பாற்றுவதற்காக நிழல் சேர்ப்பது, எழுத்தைச் சுற்றிக் கோடு போடுவது, மென்பொருள் தரும் போலி போல்டை அழுத்துவது ஆகிய மூன்றையும் தவிருங்கள். சுற்றுக்கோடு தண்டுக்கும் இழைக்கும் ஒரே அளவு தடிப்பைச் சேர்ப்பதால் ஆறுக்கு ஒன்று என்றிருந்தது மூன்றுக்கு ஒன்றாகக்கூட இறங்கிவிடலாம். நீங்கள் தேடி எடுத்த எழுத்துருவை நீங்களே அழித்ததாகும். இடத்தை நிரப்புவதற்காக எழுத்தை அகலவாக்கில் இழுப்பதும் இப்படித்தான்: நிமிர்ந்த தண்டுகள் பருக்க, படுக்கை இழைகள் அப்படியே நிற்க, எழுத்து வீங்கிப்போகும்.

ஏழாம் படி: துணை எழுத்துரு

இந்த எழுத்துருவின் பக்கத்தில் அதைப்போலவே மினுக்கும் இன்னொன்றை வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பத்திக்கு ஒரே தடிப்பில் ஓடும் அமைதியான சான்ஸ் செரிஃப் ஒன்றையோ, உறுதியான செரிஃப் எழுத்துரு ஒன்றையோ எடுங்கள். பொடோனி, டிடோ போன்ற செரிஃப் எழுத்துருக்களும் இழையில் வாழ்பவை என்பதால் அவற்றை அருகில் சேர்க்க வேண்டாம்.

தலைப்பில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வந்தால் கதை வேறு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. ‘ஞ’, ‘ண’ போன்றவற்றின் சுழிகள் அகலம் கேட்கும். ‘கி’, ‘கீ’ மேலே ஏறும், ‘கு’, ‘கூ’ கீழே இறங்கும். ஆங்கிலத்தில் உள்ள அதே அளவு கான்ட்ராஸ்டைத் தமிழிலும் தேடினால் சுழிக்குள் இழை இற்றுப்போன எழுத்துருவே பெரும்பாலும் கையில் கிடைக்கும். அதற்குப் பதிலாக ஆங்கிலத் தண்டின் தடிமனையும் தமிழின் தடித்த கோட்டின் தடிமனையும் ஒப்பிட்டு, அவை ஒத்துவரும் எடையைத் தேர்ந்தெடுங்கள். ‘ப’, ‘ம’ போன்ற எழுத்துகளின் உயரத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தைவிடச் சற்றுக் குறைத்து வைத்தால் இரு வரிகளும் ஒரே உரத்தில் பேசுவதுபோல் இருக்கும். தமிழ் வரிக்கு மேலும் கீழும் கூடுதல் லீடிங், அதாவது வரியிடைவெளி, விடுங்கள். புள்ளி மேல்வரியில் போய் இடிப்பதைவிட அசிங்கம் வேறில்லை.

கடைசிப் படி: உண்மை அளவில், உண்மைத் தூரத்தில்

திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது. அச்சுப் பணி என்றால், அதே தாளில் இல்லாவிட்டாலும் அதே அளவில் ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய சுவரொட்டி என்றால் தலைப்பின் ஒரு துண்டை மட்டும் முழு அளவில் அச்சிட்டால் போதும். அதைச் சுவரில் ஒட்டிவிட்டு, பார்ப்பவர் நிற்கப்போகும் தூரத்தில் போய் நில்லுங்கள். நல்ல பார்வையுள்ள கண்ணின் பகுத்தறியும் திறன் பொதுவாக ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு என்று கொள்ளப்படுகிறது. 3 மீட்டர் தூரத்தில் அது ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர். அதைவிட மெலிந்த கோடு அடியோடு மறைந்துவிடுவதில்லை. ஆனால் கறுப்பாகத் தெரியாமல் சாம்பலாக மங்கும். ஆயிரத்தில் 20 பங்கு இழையுள்ள எழுத்துரு 3 மீட்டரிலும் கறுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் ஏறத்தாழ 125 பாயின்ட் அளவு தேவைப்படும். அந்த அளவுக்கு இடமில்லை என்றால், எழுத்துருவை மாற்றுவதா தலைப்பைச் சுருக்குவதா என்ற கேள்வி எழும். நான் பெரும்பாலும் தலைப்பைச் சுருக்கித் தருமாறுதான் கேட்பேன்.

இணையப் பணியில் இதே சோதனையை விலை குறைந்த பழைய திரை ஒன்றிலும், கைபேசியில் வெயிலில் நின்றுகொண்டும் செய்துபாருங்கள். நூலட்டை, இசைத்தொகுப்பு போன்றவை விரல் நக அளவில் சுருங்கிக் காட்டப்படும் என்பதால், அந்த அளவுக்குச் சுருக்கியும் பார்த்துவிடுங்கள். ‘என்’ எழுத்தின் இரு கால்களும் அங்கே எஞ்சியிருக்கின்றனவா என்பதுதான் தேர்வு. அச்சுக்கு அனுப்பும் கோப்பில் தலைப்பை அவுட்லைனாக மாற்றி, மாற்றாத மூலக் கோப்பை வேறு பெயரில் பத்திரப்படுத்துங்கள். எழுத்துப்பிழை என்பது எப்போதும் அவுட்லைனாக மாற்றிய பிறகுதான் கண்ணில் படும்.